வாடகை வீடும் சாதியும்: கேட்டுப் பார்ப்பதா, செய்து பார்ப்பதா?

சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த ஒரு மாணவி, ஆய்வுச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். நகரங்களில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் சந்திக்கும் சாதி, மதப் பாகுபாடு என்பது தலைப்பு. நல்ல தலைப்புதான். வீடு தேடி அலைந்த யாரும் அதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

“கைடு 384 வீட்டுக்காரங்ககிட்ட சர்வே எடுக்கச் சொல்றார் மேடம். ஆனா நான் படிச்ச பேப்பர்ல எல்லாம் வேற வேற பேர்ல போன் போட்டுப் பார்க்கறாங்க. நான் எதைப் பண்ணட்டும்?”

“உன் கேள்வி என்னம்மா?” என்றேன். தலைப்பை மறுபடியும் வாசித்தாள். தலைப்பு இருந்தது, கேள்வி இல்லை. பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் வருகிறார்கள். முறையை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்ற கேள்வியைப் பிறகு தேடுகிறார்கள்.

அந்தத் தலைப்புக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் மறுக்கிறார்கள்? மறுப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்? என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள்? மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து, கேட்பவரின் அடையாளம் மட்டும் மாறினால் பதில் மாறுமா? முதல் மூன்றுக்கும் கணக்கெடுப்புதான், அதாவது சர்வேதான், வழி. நான்காவதை எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டாலும் கணக்கெடுப்பால் நேராகச் சொல்ல முடியாது. அதற்கு, அடையாளத்தை நாமே மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் சோதனைதான் வேண்டும்.

வாய் சொல்வதும் கை செய்வதும்

இந்த விவாதத்தில் எல்லோரும் தொட்டுப் போகும் பழைய கதை ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு நாடு முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். மறுத்தது ஒரே ஓர் இடம். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார்: சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா? பதில் போட்ட 128 இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றன. 1934இல் வெளியான இந்தக் கட்டுரையைக் காட்டி, பார்த்தீர்களா, சர்வேயை நம்பக்கூடாது என்று சொல்வது வகுப்பறை வழக்கம்.

எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் முதலாளியாக இருக்கலாம், அன்று அறை கொடுத்தவர் சிப்பந்தியாக இருக்கலாம். வாசலில் வந்து நின்றது நன்றாக உடுத்தி நல்ல ஆங்கிலம் பேசிய தம்பதி, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். கடிதத்தில் இருந்தது ‘சீனர்’ என்ற சொல் மட்டும். இரண்டும் ஒரே கேள்வியே அல்ல. தவிர, ஒப்பிட்டுப் பார்க்க சீனரல்லாத இன்னொரு தம்பதியை அவர் அனுப்பவில்லை. அதனால் அது சோதனையும் ஆகாது.

அந்தக் குறையைத் தீர்த்துச் செய்தவர் டெவா பேஜர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 2001இல் மில்வாக்கி நகரில் 350 முதலாளிகளிடம் வேலை கேட்டு இளைஞர்களை அனுப்பினார். வெள்ளையர் இருவர், கறுப்பர் இருவர். தகுதிகள் ஒன்றுபோல அமைக்கப்பட்டவை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் சிறை சென்று வந்தவர் என்று சொல்லிக்கொள்வார், அதுவும் முறை மாற்றி மாற்றி. சிறை செல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது, சிறை சென்ற வெள்ளையருக்கு 17 சதவீதம். சிறையே பார்க்காத கறுப்பருக்கு 14, சிறை சென்ற கறுப்பருக்கு 5. சிறை போய் வந்த வெள்ளையருக்குக் கிடைத்த அழைப்பு, எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். அதே முதலாளிகளைத் தொலைபேசியில் பிடித்து, சிறை சென்று வந்த இப்படி ஓர் ஆள் வந்தால் வேலை கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். பதிலளித்தவர்கள் 199 பேர். 60 சதவீதத்துக்கு மேல் கொடுப்போம் என்றார்கள். கேள்வியில் வந்த ஆள் வெள்ளையரானாலும் கறுப்பரானாலும் பதில் ஏறக்குறைய ஒன்றே. கொடுப்போம் என்று வாயால் சொன்னவர்கள் நிஜத்தில் கூடுதலாக அழைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. லாபியர் கண்டதற்கு நேர் எதிர்த் திசை இது. அங்கே வாய் கடுமை, கை தாராளம். இங்கே வாய் தாராளம், கை கடுமை. ஆகவே ‘சர்வேயில் எல்லோரும் நல்லவர்களாக நடிப்பார்கள்’ என்பதைக்கூடப் பொது விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்தக் காலத்தில் எதைச் சொன்னால் மதிப்பு என்பதைப் பொறுத்து வாய் மாறுகிறது.

கேட்கத் தெரிந்தால் சொல்வார்கள்

அதற்காகக் கணக்கெடுப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நன்றாகக் கேட்டால் நம் ஊரில் கூச்சப்பட வேண்டிய விஷயங்களையும் மக்கள் சொல்கிறார்கள் என்பதற்கு இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு நல்ல சான்று. தில்லியின் என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. 2011–12 சுற்றில் 42,152 வீடுகள். தீண்டாமை பற்றி அதில் கேட்ட விதம்தான் அழகு. முதல் கேள்வி: உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பார்களா? இல்லை என்பவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பிரச்சினை இருக்குமா? தீண்டாமை என்ற சொல்லுக்கு இல்லை என்று தலையாட்டியவர்களில் ஒரு பகுதியினர் சமையலறை என்றதும் ஆமாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்தால் 27 சதவீத வீடுகள்.

இதைச் சோதனை முறையில் கண்டுபிடிக்க முடியுமா? 42,000 சமையலறைக்குள் யாரை அனுப்புவது! எவ்வளவு பரவலாக இருக்கிறது, எந்த மாநிலத்தில் கூடுதல், படித்த வீட்டில் குறைகிறதா என்ற கேள்விகளுக்குக் கணக்கெடுப்புக்கு மாற்றே கிடையாது. சோதனைகள் பெரும்பாலும் ஒரு நகரம், ஒரு வகை வேலை, சில மாதங்கள் என்ற அளவிலேயே நின்றுவிடும்.

ஆனால் கேட்கிற கலை நம் வினாப்பட்டியல்களில் செத்துக் கிடக்கிறது. ‘வலுவாக ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘வலுவாக மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போட்ட லைகர்ட் அட்டவணையில் 40 வாக்கியம். மூன்றாவது வாக்கியத்திலேயே வீட்டுக்காரம்மா, “எல்லாத்துக்கும் சரின்னே போட்டுக்கோம்மா, அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்துவிடுவார். மனைவியிடம் கேட்டால் கணவர் பதில் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நிவாரணப் பணம் எப்போது வரும் என்று கேட்பார். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் “நீங்கள் தலித்துகளுக்கு வீடு தருவீர்களா?” என்று கேட்டு வாங்கும் ‘ஆம்’ எதற்கு உதவும்? தேசியக் குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய பகுதிக்கு ஒரு வீட்டில் ஒரே பெண்ணைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தனியாகப் பேச இடம் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை.

384 எங்கிருந்து வந்தது?

அந்த மாணவியின் கைடு சொன்ன 384, நம் பல்கலைக்கழகங்களின் புனித எண். எவ்வளவு பெரிய மக்கள்தொகையானாலும், சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லோருக்கும் ஒரே வாய்ப்புள்ள குலுக்கலில், 384 பேரைப் பொறுக்கினால், 95 சதவீத நம்பகத்தோடு, கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து கூட்டிக் குறைத்து 5 புள்ளிக்குள் இருக்கும். 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் போட்ட அட்டவணை வழியாக இது பரவியது. கணக்கில் தப்பில்லை. அட்டவணையை எடுத்துக்கொண்ட எல்லோரும் ‘சமவாய்ப்பு முறையில்’ என்ற சொற்களை மட்டும் வழியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து நாலு வாட்ஸ்அப் குழுவில் போட்டு 384 வந்ததும் நிறுத்தினால், உங்கள் நண்பர்களின் நண்பர்களைப் பற்றி மட்டுமே ஏதோ தெரிந்திருக்கும்.

எண்ணிக்கை பிழையைப் போக்காது என்பதை 1936லேயே உலகம் பார்த்துவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பியது. தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் என்று பார்த்து எடுத்த முகவரிகள். பொருளாதார மந்தம் நடுவில் போன் வைத்திருந்தவர், கார் வைத்திருந்தவர் யார்? சுமார் 23 லட்சம் பதில்கள் வந்தன. லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். சுமார் 50,000 பேரிடம் கேட்ட ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அந்தப் பத்திரிகையே இல்லாமல் போயிற்று.

நம் மாணவிக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. வீட்டு உரிமையாளர்களின் பட்டியல் என்று ஒன்று எங்கே இருக்கிறது? மாநகராட்சியின் சொத்துவரிப் பட்டியல் கிடைத்தாலும், அதில் யார் வாடகைக்கு விடுகிறார் என்று இருக்காது. தெருக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, வீடு வீடாக ஏறி, மாடியில் குடித்தனம் இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியலைத் தானே தயாரிக்க வேண்டும். அதற்கே இரண்டு மாதம் ஆகும். செய்தால் அந்த ஆய்வுக்கு மரியாதை உண்டு.

பெயரை மாற்றினால் என்ன ஆகும்?

சோதனையின் பலம் ஒரே இடத்தில் இருக்கிறது. யாருக்கு எந்த அடையாளம் என்பதை ஆய்வாளர் குலுக்கலில் விட்டுவிடுகிறார். கணக்கெடுப்பில் தலித் குடும்பங்கள் கூடுதலாக மறுக்கப்பட்டதாக வந்தால், “அது வருமானத்தால், சாதியால் இல்லை” என்று வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒருவர் எழுந்து சொல்வார். வருமானம், வேலை, குடும்ப அளவு என்று அளந்ததையெல்லாம் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுச் சரிக்கட்டலாம். அளக்காததை என்ன செய்வது? சோதனையில் அந்த வாதத்துக்கு இடமில்லை. ஒரே சம்பளம், ஒரே வேலை, ஒரே குரல். பெயர் மட்டும் வேறு.

பொருளியலாளர் சுக்தியோ தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இப்படித்தான். சென்னை உட்பட ஐந்து பெருநகரங்களை ஒட்டி, ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்கள் 548க்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மூன்று வகை: உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேரில் பார்க்கும் முன்பே இது நடக்கிறது.

வாடகை வீட்டிலும் செய்திருக்கிறார்கள். தோரட் குழு தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தொலைபேசியிலும் நேரிலும் வீடு கேட்டுப் பார்த்து 2015இல் எழுதியது. உயர்சாதியினருக்குக் கதவு மூடவே இல்லை. தலித்துகளில் ஐந்தில் இருவருக்கு மறுப்பு அல்லது நிபந்தனை, முஸ்லிம்களில் மூன்றில் இருவருக்கு. அதே தில்லிப் பகுதியில் சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் ஒரு சொத்து விளம்பர இணையதளத்தில் இதே மாதிரி செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயருக்கு வீட்டுக்காரர் பதில் தரும் நிகழ்தகவு 0.35, முஸ்லிம் பெயருக்கு 0.22. ஆனால் பட்டியல் சாதிப் பெயருக்கு எதிரான பாகுபாடு எதுவும் தென்படவில்லை.

ஒரே ஊர், இரண்டுமே சோதனைகள். தலித்துகள் விஷயத்தில் முடிவு இரண்டு. ஏன்? ஒன்று தொலைபேசியும் நேரும், மற்றது இணையம். இணையத்தில் முதல் பதில் வருவதற்கும் சாவி கைக்கு வருவதற்கும் நடுவில் எத்தனையோ படிகள். எந்தப் படியில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சோதனையின் விடை மாறும். குலுக்கல் போட்டாயிற்று, இனி கேள்வியே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களுக்கு இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுப்பேன்.

தமிழ்ப் பெயர் காட்டிக்கொடுக்காது

இனிதான் நம்மூர்ச் சங்கடம். வடக்கே பெயரைக் கேட்டால் பின்னொட்டே பல சமயம் சாதியைச் சொல்லிவிடும். அதனால் பெயரை மாற்றினால் சோதனை தயார். தமிழ்நாட்டில் சாதிப் பின்னொட்டை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ‘எஸ். செல்வி’ என்ற பெயரில் எந்தச் சாதி இருக்கிறது? கே. முருகன் யாராகவும் இருக்கலாம். முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்கள் மதத்தைக் காட்டும், சரி. சாதியைப் பெயர் காட்டாது. தோரட்–அட்டவெல் வடிவத்தை அப்படியே மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுவந்தால் வீட்டுக்காரருக்கு எந்தச் செய்தியும் போய்ச் சேராது. வித்தியாசம் இல்லை என்று முடிவு வரும். நாமும் தமிழ்நாட்டில் பாகுபாடு இல்லை என்று எழுதிவிடுவோம். எத்தனை பெரிய பொய்யாக இருக்கும் அது!

வீடு கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும், இங்கே சாதி கேள்வி வழியாகத்தான் வெளியே வருகிறது. எந்த ஊர்? அந்த ஊரில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது? அசைவம் சமைப்பீங்களா? சுற்றி வளைத்து விடை கிடைக்காதபோது, நேராகவே, “தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” இந்தக் கேள்வி வரிசையைச் சோதனைக்குள் வைப்பது லேசில்லை. ஊர்ப்பெயரோடு ‘காலனி’ சேர்த்துச் சொன்னால் பலருக்குப் புரியும். ஆனால் அது வறுமையையும் சேர்த்தே சொல்கிறது. சாதியை மட்டும் மாற்றினேன் என்று பிறகு சொல்ல முடியாது. நேரில் ஆள் அனுப்பினால் நிறம், பேச்சு வழக்கு, உடை எல்லாம் கூடவே போகும்.

இன்னொன்றும் உண்டு. சோதனைக்கு விளம்பரம் வேண்டும். போர்டு தொங்க வேண்டும், அல்லது செயலியில் வீடு ஏற வேண்டும். நம் சிறு நகரங்களில் எத்தனை வீடுகள் போர்டே போடாமல், தெரிந்தவர் சொல்லி, உறவுக்காரர் சொல்லிக் கைமாறுகின்றன! அங்கே சலித்தெடுக்கும் வேலை விளம்பரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. சோதனையின் கண்ணுக்கு அந்த வீடுகள் தெரியவே தெரியாது. ‘கடைசியாக இருந்த மூன்று குடித்தனக்காரர்கள் உங்களுக்கு எப்படித் தெரிந்தவர்கள்?’ என்று கணக்கெடுப்பில் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே, தமிழ்நாட்டு வாடகை வீட்டுக்குக் கணக்கெடுப்பு பின்தங்கிய முறை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏதாவது செய்து பார்க்கும் சோதனை

சமூகவியல் சோதனை என்றாலே ரகசியமாக ஆளை அனுப்புவது என்று இல்லை. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் லீக் நடத்தினார். வெவ்வேறு சாதியைச் சேர்ந்த 1,261 இளைஞர்கள். யார் கலப்பு அணியில், யார் தன் சாதி அணியில், யாருக்கு எதிரணியில் மாற்றுச் சாதியினர், யாருக்கு ஆட்டமே இல்லை என்பதெல்லாம் குலுக்கல். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்கு மாற்றுச் சாதி நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்கு அந்த நன்மை வரவில்லை. மாற்றுச் சாதி நண்பர்கள் உள்ளவர்களுக்குப் பாகுபாடு குறைவு என்று கணக்கெடுப்பு சொல்லும். ஆனால் நட்பு வந்ததால் மனம் மாறியதா, மனம் அப்படி இருந்ததால் நட்பு வந்ததா என்று அதனால் பிரிக்க முடியாது. இங்கே பிரிந்தது.

தமிழ்நாட்டிலேயே அங்கன்வாடிகளில், கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியலாளரும் சேர்ந்து நடத்திய ஒன்று உண்டு. நான்கு மாவட்டங்களில் 320 மையங்கள். குலுக்கலில் வந்த பாதிக்கு அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஊழியர். 18 மாதத்தில் அந்தக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னே போனார்கள், வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. ஆள் போட்டதால்தான் என்று இங்கே திடமாகச் சொல்லலாம். இதே கார்த்திக் முரளிதரன் இருந்த குழு, கொரோனாவுக்குப் பிறகு தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றல் இழப்பை அளந்தபோது சோதனையை நாடவில்லை. பள்ளி மூடலைக் குலுக்கிப் போட முடியுமா? முன்பு எடுத்த கணக்கெடுப்பையும் பின்பு எடுத்ததையும் ஒப்பிட்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு என்றும் கணித்தார்கள். இந்தப் பங்கு புள்ளியியல் கணிப்பிலிருந்து வந்தது, குலுக்கலிலிருந்து வரவில்லை. அந்த அளவுக்கு அதன் பிடி கொஞ்சம் தளர்வானதுதான்.

காசு, ஆள், பொய்

சோதனைக்குச் செலவு குறைவு, உட்கார்ந்த இடத்தில் போன் போட்டால் போதும் என்று மாணவி நினைத்திருந்தாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பெயருக்கு 50 சதவீதம், இன்னொரு பெயருக்கு 40 சதவீதம் சம்மதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்தை நூற்றுக்கு எண்பது வாய்ப்பில் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பெயருக்கும் ஏறக்குறைய 384 அழைப்பு வேண்டும். வேடிக்கை, அதே எண்! ஆனால் இது ஒரு குழுவுக்கு. மூன்று பெயர் என்றால் 1,150க்கு மேல். வித்தியாசம் ஐந்து புள்ளிதான் என்றால் குழுவுக்கு 1,500ஐத் தாண்டும். ஒரு நடுத்தர ஊரில் அத்தனை காலி வீடு ஒரே சமயத்தில் இருக்காது. ஒரே வீட்டுக்காரரை இரண்டு பெயரில் அழைத்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் இரண்டாவது அழைப்புக்குள் வீடு போயிருக்கலாம், அல்லது அவர் சந்தேகப்படலாம். ஊருக்குள் தரகர்கள் பத்துப் பேர்தான். மூன்றாம் நாள் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

பொய் சொல்வது பற்றியும் யோசிக்க வேண்டும். உங்களைச் சோதிக்கிறோம், சம்மதமா என்று கேட்டால் அந்த நொடியே சோதனை செத்தது. ஆகவே ஏமாற்றாமல் இதைச் செய்ய முடியாது. வீட்டுக்காரருக்கு இரண்டு நிமிஷம்தான் வீண், அவர் எண்ணையும் முகவரியையும் அழித்துவிடுகிறோம் என்பது ஆய்வாளர்கள் தரும் சமாதானம். எனக்கு அது போதுமானதாகவே படுகிறது. ஆனால் அதை நான் சொன்னால் போதாது, ஒரு நெறிமுறைக் குழு சொல்ல வேண்டும். நம் கல்லூரிகள் பலவற்றில் சமூக அறிவியலுக்கு அப்படி ஒரு குழுவே கிடையாது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. போன் போடும் பிள்ளை தலித்தாகவோ முஸ்லிமாகவோ இருந்தால், தினமும் 20 முறை ‘வீடு இல்லை’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆராய்ச்சிதானே என்று அதை உதறிவிட்டுப் போக முடியாது.

ஒரே படிவத்தில் இரண்டும்

இவ்வளவு பேசியபின் அவள் முகம் வாடிவிட்டது. சர்வேயும் சரியில்லை, சோதனையும் முடியாது என்றால் பட்டம் எப்போது வாங்குவது? அப்போதுதான் மூன்றாவதைச் சொன்னேன். கணக்கெடுப்புக்குள்ளேயே ஒரு சோதனையை வைப்பது.

ஒரு வழி, பட்டியல் முறை. வீட்டுக்காரர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நான்கு வரி உள்ள அட்டை: நாய் வளர்ப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், கல்யாணம் ஆகாத பையன்கள், அட்வான்ஸைக் குறைக்கச் சொல்பவர். மீதிப் பாதிக்கு அதோடு ஐந்தாவது வரி: தலித் குடும்பம். யார் யாருக்கு வீடு தர யோசிப்பீர்கள் என்று பெயரைச் சொல்ல வேண்டாம், எத்தனை பேருக்கு என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும். ஒரு பேச்சுக்கு, முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாம் குழுவின் சராசரி 2.4 என்றால், வித்தியாசமான 0.3, அதாவது 30 சதவீதம் பேர் ஐந்தாவது வரிக்குத் தயங்குகிறார்கள். தனியொருவர் என்ன நினைத்தார் என்று கேட்டவருக்கும் தெரியாது. அழகான யோசனைதான். ஆனால் 384 பேரை இரண்டாகப் பிரித்து இதைச் செய்தால் அந்த 30 என்பது 10ஆகவும் இருக்கலாம், 50ஆகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தால் மட்டுமே தொட வேண்டிய முறை. எத்தனையோ பேர் இதை மறந்து 200 பேரிடம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மற்றொரு வழி, சிறு கதை அட்டை. ‘கணவன் தனியார் நிறுவனத்தில் கணக்காளர், மனைவி, ஒரு குழந்தை, மாதம் 45,000 வருமானம், சொந்த ஊர் இன்னது’ என்று ஒரு குடும்பத்தை வர்ணித்து, இவர்களுக்கு வீடு தர எவ்வளவு விருப்பம் என்று பத்துக்கு மதிப்பெண் கேட்பது. மதம், சாதிக் குறிப்பு, உணவு, வேலை இவை அட்டைக்கு அட்டை குலுக்கலில் மாறும். ஒருவருக்கு ஐந்து அட்டை கொடுத்தால் 384 பேரிடமிருந்து 1,920 மதிப்பெண். தமிழ்ப் பெயர்ச் சிக்கலும் இதில் ஓரளவு தீர்கிறது. சாதியைக் காட்டும் குறிப்பையும் வருமானத்தையும் தனித்தனியாகச் சுழற்றலாம்.

இதுவும் வாய்ச்சொல்தானே என்பீர்கள். ஆமாம். பேஜர் தொலைபேசியில் கேட்டதும் இதன் உறவுதான், அது தோற்றது. ஆனால் ஹெய்ன்முல்லர் என்ற அரசியல் அறிவியலாளரும் உடனாய்வாளர்களும் சுவிட்சர்லாந்தில் ஒன்று செய்து 2015இல் வெளியிட்டார்கள். குடியுரிமை கேட்டவர்கள் மீது அங்கே சில ஊர்களில் மக்களே ரகசிய வாக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த நிஜ வாக்கு முடிவுகளோடு அட்டைச் சோதனையின் பதில்களை ஒப்பிட்டால் நன்றாகவே பொருந்தின, முக்கியமாக இரண்டிரண்டு பேரை அருகருகே வைத்து ஒப்பிடச் சொன்ன வடிவத்தில். ஒற்றை ஆளைக் காட்டி ‘தருவீர்களா?’ என்றால் மனம் உஷாராகிவிடுகிறது. இருவரைக் காட்டி ‘யாருக்கு?’ என்றால், வேலை, வருமானம் என்று சொல்லிக்கொள்ள வேறு காரணங்கள் கைவசம் இருப்பதால் நிஜ விருப்பம் வெளியே வந்துவிடுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் பெண் பார்க்கும் படலத்தில் இதையே பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அவளுக்கு அமைந்த திட்டம் இது. ஒரே ஊர். குலுக்கலில் எடுத்த தெருக்களில் தானே பட்டியல் போட்டு 400 வீட்டுக்காரர்கள். லைகர்ட் வாக்கியங்கள் 40இலிருந்து 6. பழைய குடித்தனக்காரர்கள் எப்படித் தெரிந்தவர்கள் என்ற கேள்வி. இருவர் இருவராக ஐந்து ஜோடி அட்டைகள். தொலைபேசிச் சோதனை இப்போதைக்கு மத அடையாளத்துக்கு மட்டும், அதுவும் நெறிமுறை அனுமதி கிடைத்தால். பட்டியல் முறை வேண்டாம். கைடு, “384 எங்கே போச்சு?” என்று கேட்டாராம். “சார், 16 கூடவே இருக்கு” என்றாளாம்.

முதல் நாள் படிவத்தைச் சரிபார்த்துப் பார்க்க ஒரு தெருவுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள்.

“நான் அவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி அவங்க என்னைக் கேக்கறாங்க மேடம். எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன ஆளுங்கன்னு. ஒரு வீட்டுல அதுக்குப் பதில் சொன்னப்புறம்தான் உள்ள வரச் சொன்னாங்க. நான் என்ன சொல்றது?”

பதில் சொல்வதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டேன். எதைச் சொன்னாலும் எல்லா வீட்டிலும் அதையே சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்புறம் படிவத்தின் முதல் பக்கத்தில், வீட்டு எண்ணுக்குக் கீழே, புதிதாக இரண்டு கட்டங்கள் போட்டோம்: வீட்டுக்காரர் ஆய்வாளரின் சாதியைக் கேட்டாரா, கேட்டது வாசலிலா, உள்ளே உட்காரவைத்த பிறகா.